கைப்பிடி இல்லாத கதவு

கிர்ர்ர்... கிர்ர்ர்...!

சர்வர் அறைச் சுவரில் இன்டர்காம் அலறியது.

கதவைத் தள்ளித் தள்ளிக் களைத்துப் போயிருந்த இன்ஜினியர் பெண் பாய்ந்து எடுத்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் பொடிசு.

"மாமா! நல்லவேளை! உள்பக்கக் கைப்பிடியைக் காணோம். மாட்டிக்கிட்டேன்!"

"தெரியும். கழட்டினதே நான்தான்."

கதவிலிருந்த கண்ணாடிச் சதுரத்துக்கு வெளியே சிரித்தான் அக்காவின் கணவன். அலுவலகத்தில் அவன்தான் மேனேஜர்.

"விளையாடாதீங்க மாமா..."

"என் விரல் எங்கே இருக்கு பாரு."

பார்த்தாள்.

கதவை ஒட்டிய வெளிச்சுவரில்...

தீயணைப்பு வாயுவின் சிவப்புப் பட்டன். அமுக்கினால் அறைக்குள் தீயும் இருக்காது, மூச்சும் இருக்காது.

"பிளாக்செயின்ல முத்திரை குத்துற முறை இப்ப நம்ம மெஷினுக்கு வருது. வழக்கமா வரிசையில நிக்கிற உத்தரவை எல்லாம் எடுத்து அதுவே பிளாக் கட்டும். இன்னிக்கு வேண்டாம். வெளியில என் கூட்டாளி கட்டி வெச்ச பிளாக்கை வாங்கணும். அதுக்குத்தானே நீ புதுசா டூல் எழுதினே?"

"அது இன்னும் சோதனையில இருக்கு மாமா!"

"கமாண்டை அடி!"

பிளாக் என்பது பொதுக் கணக்குப் பேரேட்டில் ஒரு பக்கம் மாதிரி. வெளியாள் கட்டிய பிளாக்கை மெஷின் பிரித்துப் பார்க்காது. கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்திவிடும்.

"அந்த பிளாக்குக்குள்ளே என்ன இருக்கு?"

"என்ன இல்லைன்னு கேளு! என் திருட்டுக் கணக்கை முடக்கச் சொல்லி ஒரு உத்தரவு வரிசையில நிக்குது. அது மட்டும் இருக்காது. அடுத்த பிளாக்குல அது ஏறுறதுக்குள்ள பணம் பறந்துடும்."

"யார் பணம்?"

"நம்மளை நம்பிப் போட்டவங்க பணம்."

"அக்கா நகையை வித்துப் போட்டதுமா?"

"அதுவும்தான்."

"அடப்பாவி!"

"திட்டிக்கிட்டே அடி!"

தப்பிக்க வழியே இல்லை. மெஷின் முன்னால் போய் உட்கார்ந்தாள். கறுப்புத் திரையில் கமாண்டை அடித்தாள்.

பச்சை எழுத்து மின்னியது... 'வெற்றி!'

கண்ணாடி வழியே அதைப் பார்த்துவிட்டு உற்சாகமாகத் தன் போனை எடுத்தான் மேனேஜர்.

சிரிப்பு செத்துப் போனது.

'கணக்கு முடக்கப்பட்டது!'

"ஏய்ய்ய்...!"

கதவை வெடுக்கென்று இழுத்துத் திறந்து நேராகத் திரையை நோக்கி ஓடினான். அதற்குள் கதவோரம் வந்து ஒண்டியிருந்த பொடிசு சட்டென்று வெளியே நழுவினாள். தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு அது.

டப்!

உள்பக்கம் கைப்பிடியைத் தேடித் துழாவினான். இருந்தால்தானே!

இப்போது அவன் இன்டர்காமைப் பிடுங்கினான்.

"வெற்றின்னு வந்துச்சேடி!"

"ஒத்திகை வெற்றி மாமா! புது டூல் எதுவா இருந்தாலும், தனியா சொல்ற வரைக்கும் ஒத்திகைதான் ஓடணும்னு மீட்டிங்ல மேசையைத் தட்டிச் சொன்னீங்களே? அப்படியே எழுதி வெச்சேன். நிஜத்துல மெஷின் தன் பாட்டுக்கு பிளாக் கட்டிடுச்சு. முடக்குற உத்தரவு முதல் ஆளா ஏறிடுச்சு. ஒரு தடவையாவது நீங்க ஓட்டிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"போலீஸை மட்டும் கூப்பிட்டுடாதே..."

"கூப்பிட்டாச்சு. அக்காவையும்."

அக்கா என்றதும்தான் அவனுக்கு நிஜமாகவே வியர்த்தது. அதற்கப்புறம்தான் கவனித்தான்... அவள் விரல் சிவப்புப் பட்டன் மேல்!

"பொடிசு... தங்கமே... கையை எடும்மா!"

"பயப்படாதீங்க மாமா. ஒத்திகை பாக்காம நான் எதையும் அமுக்க மாட்டேன்... நீங்க போட்ட ரூலாச்சே!"