கம்பளியில் ஒட்டிய ஒல்லாந்துக்காரி

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் சத்தியம். ஆனைப்படுத்தான் தோட்டத்து மாரியம்மன் முன்னால் உள்ளங்கையில் கற்பூரத்தை ஏற்றிக்கொண்டு சொல்லச் சொன்னாலும் இதே கதைதான் வரும். ஒரு கொம்பு கூடாது, ஒரு வால் குறையாது. நம்ப மாட்டேன் என்பவர்கள் இப்போதே எழுந்து போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வரலாம்.

ஐம்பத்தைந்தாம் வருஷம், ஆனி மாதம். ஹட்டன் பக்கத்து மழையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மேலிருந்து பெய்யாது, பக்கத்திலிருந்து வரும்... சில நாளில் கீழேயிருந்தும் ஏறும். அந்த மழையில், பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வெறுங்கூடையைக் கையில் பிடித்தபடி கல்லுப்படியில் இறங்கி வந்தாள் சண்முகவடிவு. சோலைமலைக் கங்காணியின் மகள். தலையிலிருந்து முதுகு வரைக்கும் கறுப்புக் கம்பளி. கம்பளிக்குள்ளே இரண்டு கண்...

அந்தக் கண்ணை விவரித்தால் பொய் என்பீர்கள். அவள் உற்றுப் பார்த்தால் கவ்வாத்து வெட்டிய மொட்டைச் செடியும் துளிர்க்கும் என்று அந்த மலையிலுள்ள பெண்களே ஒத்துக்கொண்டார்கள். பெண்களே ஒத்துக்கொண்ட பிறகு மேலே அப்பீல் கிடையாது.

பாதி வழியில் காலில் அட்டை ஏறியது. அதைப் பிடுங்கக் குனிந்து நின்றாள். அதே நேரம் மேலேயிருந்து ஒருவன் ஓடி வந்தான். இரண்டு கையாலும் நெஞ்சுக்கு முன்னால் ஒரு பலகையைப் பிடித்திருந்தான். வழுக்குக் கல்லில் நிற்க முடியுமா?

டமார்!

பலகை அவள் முதுகில் பட்டு ஒட்டிக்கொண்டு, 'சப்' என்ற சத்தத்தோடு பிரிந்தது.

"யோவ்! கண்ண காலையில பேரு குடுத்த பெரட்டுக் களத்துல கழட்டி வச்சிட்டு வந்தியா?" என்று திரும்பிச் சீறினாள்.

"ஐயோ... மூக்கு போச்சே!"

ஒரு கணம் பதறிவிட்டாள். அவன் மூக்கைப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் ரொம்பவே நன்றாக...

"மூக்குக்கு என்னா? ஒளுங்காத்தானே இருக்கு?"

"என் மூக்கு இல்லீங்க... இவ மூக்கு!"

பலகையையே பார்த்துக்கொண்டு சொன்னான். அதில் ஒரு பெண் முகம். நடுவில் எல்லாம் கலங்கிக் கிடந்தது. "மன்னிச்சுக்குங்க" என்றதைக்கூடப் பலகையிடம்தான் சொன்னான். அப்புறம் தேயிலை அரைக்கிற ஸ்டோரை நோக்கி ஓடிப்போனான்.

சண்முகவடிவு மழையில் நின்றாள். பத்தொன்பது வயது வரைக்கும், எதிரில் நின்று பேசிய எந்த ஆம்பிளையும் அவளைப் பார்க்காமல் போனதில்லை. அட்டை இன்னும் காலில்தான் இருந்தது. அது கடித்த கடி தெரியவில்லை... இதுதான் சுருக்கென்று இருந்தது.

குடியிருக்கிற லயத்துக்குப் போகிற வழியில் அதிசயமான காரியங்கள் நடந்தன. பின்னால் வந்த தோட்டத்து மேற்பார்வைக் கண்டாக்கையா தொப்பியைக் கழற்றி, "குட் ஆப்டர்நூன், மேடம்" என்றார். பங்களா நாய் குரைக்காமல் வாலைக் குழைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. பீலிக்கரையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த வீரம்மா குடத்தைப் போட்டுவிட்டாள்.

"ஏண்டி வடிவு... ஒன் முதுகுல உக்காந்திருக்கிறது யாருடி?"

கம்பளியைக் கழற்றி விரித்தார்கள். வெள்ளைக்காரி ஒருத்தி. கழுத்தைச் சுற்றி நுரை மாதிரி வெள்ளைப் பின்னல் துணி. அரைச் சிரிப்பு. வடிவைப் பார்த்து, 'நீதானா அது?' என்பது போல் ஒரு பார்வை!

மறுநாள் மத்தியானம் கொழுந்தை நிறுத்த கையோடு ஸ்டோர் சன்னலுக்கு நேரே போய் நின்றாள். துணைக்கு வீரம்மா. உள்ளே தேயிலைப் பெட்டிகளில் மார்க்கு எழுதுகிற வேலை அவனுக்கு. பேர் சின்னராசா. பழைய துரை சீமைக்குப் போகும்போது படப்புத்தகம் ஒன்றையும், துரைசாணியின் எண்ணெய்ச் சாயக் குழாய்களையும் விட்டுப் போயிருந்தார். அந்தக் காலத்துப் பெரிய ஓவியர்கள் தீட்டிய முகங்கள் புத்தகம் முழுக்க. அதைக் கட்டம் போட்டு, பார்த்துப் பார்த்துத் தீட்டித்தான் பையன் படம் கற்றுக்கொண்டிருந்தான். சன்ன வேலைக்குத் தூரிகை வேண்டுமே? பங்களா நாயின் வால் மயிர். நாய்க்கு வால் மெலிந்துகொண்டே போனதைப் பார்த்துப் புதுத் துரை அதற்கு மூன்று மாதம் மீனெண்ணெய் கொடுத்தார்.

எண்ணெய்ச் சாயம் அந்த மலைப் பனியில் காயாது. அதனால் பலகையை ஸ்டோரில் தேயிலை காய்கிற சூட்டறைப் பக்கம் ஒளித்து வைப்பான். தேயிலை எந்த வாசனையையும் இழுத்துக்கொள்ளும். அந்த வருஷம் ஆனைப்படுத்தான் தேயிலையில் சாயத்திலிருந்த ஆளிவிதை எண்ணெய் மணந்தது. லண்டனில் ருசி பார்த்தவர்கள், 'இப்படியொரு நறுமணம் கண்டதில்லை' என்று கடிதம் எழுதினார்கள்.

"இந்தாங்க... ஒங்க பொம்பளைய நீங்களே வச்சுக்கங்க. எனக்கு என் கம்பளி வேணும்" என்றாள் வடிவு. முதுகைத் திருப்பிக் காட்டினாள்.

சின்னராசா சன்னல் கம்பியில் மூக்கு ஒட்ட எட்டிப் பார்த்தான்.

"வாய் வந்திருச்சு!"

"என்னா?"

"ஆறு மாசமா பலகையில எனக்கு வராத வாய்ங்க! கம்பளியில பட்டு மேல் சாயம் உருவிக்கிட்டு, நிழல் மட்டும் மெத்துனு நிக்குது பாருங்க... அசையாதீங்க! கொஞ்ச நேரம் அப்படியே நில்லுங்க, நான் பாத்துத் திருத்திக்கிறேன்."

"யாரு இவ?"

"ஒல்லாந்துக்காரி. டச்சுப் பொம்பள. செத்து முந்நூறு வருஷமாச்சு."

"செத்தவளுக்கா இம்புட்டுப் பாடு?"

"அழகுக்கு வயசு ஏதுங்க?"

வடிவு பல்லைக் கடித்தாள். நின்றிருக்கவே கூடாது. ஆனால் நின்றாள். அன்று மட்டுமல்ல, அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும். இறவாரத்துக்குக் கீழே, மழையைப் பார்த்தபடி. பின்னால் சன்னலுக்குள் அவன். நடுவில், அவள் முதுகிலேயே குடியிருந்துகொண்டு, அவனைப் பார்த்துச் சிரிக்கிற அந்த ஒல்லாந்துச் சிறுக்கி...

'என் முதுகு... என் கம்பளி... என் மழை... பார்வை மட்டும் அவளுக்கா?'

"கொஞ்சம் தலையைக் குனிங்க."

"ஏன்? ஒல்லாந்து அம்மாவுக்கு மறைக்குதோ?"

"இல்ல... ஒங்க கொண்டை அவ நெத்தியில இடிக்குது."

"இடிக்கட்டும்! நல்லா இடிக்கட்டும்!"

வீரம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அந்த இருபது நாளில் வடிவு செய்தவற்றைச் சொன்னால் அவளுக்கே வெட்கம். வாளித் தண்ணீரில் குனிந்து அரைச் சிரிப்புப் பழகினாள். வெள்ளைச் சீத்தைத் துணியைக் கொசுவிக் கழுத்தைச் சுற்றிக் கட்டிப் பார்த்தாள். அப்பா, "தொண்டை கட்டிக்கிச்சா, மகளே?" என்று கேட்டுவிட்டுக் கொத்தமல்லி அவிக்கச் சொன்னார். கம்பளியைப் பாறையில் போட்டு சவர்க்காரம் தேய்த்து அடித்தாள். கம்பளிதான் மெலிந்தது. ஒல்லாந்துக்காரி குளித்து எழுந்தவள் போல் இன்னும் பளிச்சென்று ஆனாள்.

இருபத்தோராம் நாள், தேயிலைப் பதம் பார்க்கிற டீமேக்கர் கூப்பிட்டார் என்று சின்னராசா உள்ளே போயிருந்தான். வடிவு சன்னலுக்குள் எட்டிப் பார்த்தாள்.

சுவரோரம் இரண்டு பலகை. ஒன்றில் ஒல்லாந்துக்காரி. கன்னத்தில் ரோசாப்பூ, கழுத்தில் தேன் வெயில், உதட்டில் ஈரம்.

மற்றதில்... அவளேதான். சண்முகவடிவு. கம்பளிக்குள்ளிருந்து திரும்பிப் பார்க்கிற அதே கண், அதே மூக்குத்தி. ஆனால் முகம் முழுக்கச் சாம்பல்! நெற்றி சாம்பல், உதடு சாம்பல், கன்னம் அடுப்புச் சாம்பல்.

"என்னாடி இது... மாலை போட்டு வெளக்கேத்தி வைக்கிற படமாட்டம்?" என்றாள் வீரம்மா.

செத்தவளுக்கு உயிர் கொடுத்திருக்கிறான். உயிரோடு இருக்கிறவளை...

அன்று சாயங்காலமே அப்பாவிடம் போய் நின்றாள். வலப்பனைப் பக்கத்து லொறி ட்ரைவர் முத்துலிங்கம் வீட்டில் இரண்டு மாதமாகப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அவளுக்குக் குறை. இன்றைக்கு வேண்டாம், நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளி வந்தாள்.

"வரச் சொல்லுங்கப்பா. இந்த ஞாயித்துக்கிழமையே வந்து பாக்கட்டும். ஆடி பொறக்குறதுக்குள்ள தட்டை மாத்திக்கிடலாம்."

அதற்கப்புறம் சன்னல் பக்கம் போகவில்லை. கம்பளியைச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டு நனைந்துகொண்டே கொழுந்து பறித்தாள். மழைத்தண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அதில் எல்லாமே மழைத்தண்ணீர்தானா என்று யாரும் கேட்கவில்லை... வீரம்மா மட்டும் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் பெண்கள் வரிசையாக நின்றார்கள். தராசுப் பக்கத்தில் கங்காணி சோலைமலை. இரண்டு கக்கத்திலும் இரண்டு பலகையோடு சின்னராசா வந்து சேர்ந்தான். தலை நனைந்து, உதடு வெளுத்து...

"ஏன் நிக்க வரல?"

"பொணம் எதுக்குங்க நிக்கணும்? படுத்தாப் பத்தாதா?" என்றாள் வடிவு.

வரிசையிலிருந்த பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினார்கள். தராசு முள்கூட ஆடவில்லை.

"பொணமா?"

"அவளுக்குப் பாலும் ரோசாப்பூவும்... எனக்குச் சாம்பலு! பாத்தேன், எல்லாம் பாத்தேன். நாளைக்கு என்னைப் பாக்க ஆளு வருது. அவங்க கண்ணுக்காச்சும் உசுரோட தெரிவேன்."

சின்னராசா இரண்டு பலகையையும் கொழுந்து மூட்டைமேல் சாய்த்து வைத்தான்.

"அந்தக் காலத்துப் பெரியவங்க மொறை அதுங்க... மொதல்ல மொகம் முழுக்கச் சாம்பல்ல எழுதிடணும். எது வெளிச்சம், எது நெழலுன்னு அதுலயே முடிவாயிரும். அது காஞ்ச பொறகுதான் கலரு. மெல்லிசா... ஒண்ணு மேல ஒண்ணா..."

"இவளுக்கு மட்டும் சாம்பல் கெடையாதாக்கும்?"

சாயம் வழிக்கிற சின்னக் கத்தியை இடுப்பிலிருந்து எடுத்தான். யாரும் தடுக்குமுன் ஒல்லாந்துக்காரியின் ரோசாக் கன்னத்தில் வைத்து ஒரே இழுப்பாக இழுத்தான். சாயம் சுருண்டு விழுந்தது.

உள்ளே சாம்பல். அதே சாம்பல்.

"ஐயோ!" என்று வடிவுதான் கத்தினாள். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஆறு மாசத்து வேலைய... பைத்தியமா ஒங்களுக்கு?"

பிடித்த கை பிடித்தபடியே இருந்தது. விடவேண்டும் என்று இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

"நான் எப்பவும் முதுகைத்தானே காட்டினேன்... என் மொகத்த எப்படி எழுதுனீங்க?"

"அன்னைக்குக் கல்லுப்படியில திரும்பித் திட்டுனீங்களே..."

"நீங்கதான் பலகையவே பாத்துக்கிட்டு இருந்தீங்களே!"

"ஒரு வாட்டி பாத்தேன்... மறு வாட்டி பாத்தா மாட்டிக்குவேன்னு பலகையப் பாத்தேன். அப்பவே மாட்டிக்கிட்டேன்னு பொறகுதான் தெரிஞ்சுச்சு." தரையைப் பார்த்துச் சொன்னான். "இவ வாயி மூணாம் நாளே வந்திருச்சுங்க. பாக்கி நாளெல்லாம்... சும்மாதான் நிக்க வச்சேன். ஒங்க பின்கழுத்துல, கம்பளி ஓரமா, மழை பட்டு நாலு மயிரு ஒட்டியிருக்கும். அதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன்."

வடிவுக்குக் காது மடல் சுட்டது. வீரம்மா கூடைக்குள் முகத்தை விட்டுக்கொண்டாள்.

"சாம்பல் மேல கலரு போடணும்னா ஆளு முன்னால திரும்பி நிக்கணும், வடிவு. நாளைக்கு யாரு முன்னால நிப்பீங்கன்னு... நீங்கதான் சொல்லணும்."

கங்காணி சோலைமலை தொண்டையைச் செருமினார்.

"கலரு போட்டு முடிக்க எத்தனை நாளாகும், தம்பி?"

"ஒவ்வொரு பூச்சும் காயணுங்க. இந்த மலை மழையில... ஆயுசு பூராவும் ஆகலாம்."

கங்காணி யோசித்தார். வெற்றிலையைத் துப்பினார்.

"அப்ப மகளே... வலப்பனைக்கு ஆளனுப்பி வர வேணாம்னு சொல்லிரவா?"

வடிவு சின்னராசாவைத்தான் கேட்டாள்.

"அந்தப் புஸ்தகத்துல இன்னும் எத்தனை பொம்பளைங்க பாக்கி?"

"நாப்பத்திரண்டு."

"ஆம்பளைங்க?"

"பத்தொம்பது... எல்லாம் தாடிக்காரங்க."

"இனிமே தாடியாப் பாத்து எழுதிப் பழகுங்க. பொம்பளைன்னா நான் ஒருத்திதான். இந்த இருவது நாளு நான் எரிஞ்ச எரிச்சலுக்கு ஸ்டோர் அடுப்புக்கே வெறகு வேண்டியதில்ல, தெரியுமா? ஒருத்தர பிடிக்கலேன்னா இப்படியா எரியும்?"

"அப்படின்னா...?"

"அப்படின்னா அப்படித்தான்!" என்றாள். முகத்தை நேராகத் திருப்பி, அந்தக் கண் இரண்டாலும் அவனை முதன்முதலாக முழுசாகப் பார்த்தாள். "பிடிச்சிருக்குங்க... போதுமா? இப்ப பாத்துக்கங்க, எந்த எடத்துல என்ன கலருன்னு."

அவன் பார்த்தான். கன்னத்தில் ஏறிய அந்தச் சிவப்பு, துரைசாணியின் எந்தக் குழாயிலும் இல்லை.

சத்தியம் செய்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன்: ஆனைப்படுத்தான் தோட்டத்தில் தேயிலை ஸ்டோர் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. கொழுந்து முழுவதும் லொறியில் பக்கத்துத் தோட்டத்துக்குப் போனது.