எழுபத்தெட்டு டிகிரி

"உங்க பை என் முழங்காலைச் சுடுதுங்க."

சித்ராதேவி குடியிருந்த தன்லியின் என்ற ஊரிலிருந்து யாங்கோன் போகும் பாலத்தில் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. வெளியே நல்ல மழை... ஜன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன. அவள் திரும்பிப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரனின் கண்களில் சிரிப்பு ஒளிந்திருந்தது.

"என் பை உங்களை என்ன செஞ்சுது?"

"உள்ளே லேப்டாப்தானே? மூடினதும் தூங்கிடும்னு நினைச்சீங்களா? அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு. காத்து இல்லாம வெந்துடும்."

இவன் யார் எனக்குச் சொல்ல என்று கோபம் வந்தது. பைக்குள் கை விட்டதும் கோபம் அடங்கிவிட்டது. அப்படிக் கொதித்தது மெஷின். அவள் பிழைப்பே அதில்தான்... ஊரார் கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுகிற வேலை.

அவன் பெயர் உதயசூரியன். யாங்கோனில் சின்னதாக லேப்டாப் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். மறுநாள் அவள் போனபோது மெஷினைத் திறந்து காட்டினான். மற்றவர்களுடைய விசிறியில் கறுப்புத் தூசி இருக்கும். அவளுடையதில் மஞ்சளாகப் படிந்திருந்தது.

"மா சித்ரா..." என்றான்; பெண்ணுக்கு 'மா', ஆணுக்கு 'கோ' என்பது பர்மிய மரியாதை. "தனக்கா மரப்பட்டை அரைக்கிற கல்லை எங்கே வச்சிருக்கீங்க?"

"மேசையில... லேப்டாப் பக்கத்துல."

"அதான். நீங்க முகத்துக்குப் பூசினா, உங்க மெஷின் மூச்சுக்குப் பூசிக்குது."

தனக்கா பூசிய கன்னம் அவளுக்குச் சிவந்தது. அவன் துடைத்தான், சூட்டைக் கடத்தும் புதுப் பேஸ்ட் வைத்தான்.

"இனி கல்லு பக்கத்துல வைக்காதீங்க, மெத்தை மேலயும் வேண்டாம், பலகை மேல வைங்க. வீடியோ ஓடும்போது எண்பத்தஞ்சு டிகிரிக்குள்ள இருந்தா கவலையில்லை. தொண்ணூத்தஞ்சைத் தொட்டா நிறுத்திடுங்க. சூடு காட்டற ஆப் போட்டிருக்கேன், தினம் மத்தியானம் எவ்வளவுன்னு எனக்கு அனுப்புங்க."

அனுப்பினாள். எண்பத்தொன்று... எழுபத்தொன்பது... 'நல்லது, மழையில நனையாதீங்க' என்று பதில் வரும். அந்த ஒரு வரிக்காகவே மத்தியானம் சீக்கிரம் வராதா என்றிருந்தது.

பிறகு ஒரு நாள் அந்தப் பக்கம் போனவள் கடைக்குள் எட்டிப் பார்த்தாள். அவன் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தான். மேசையில் இருந்த அவன் போன் மின்னியது. 'நாஜியா: 74.'

நெஞ்சு எரிந்தது. இவளிடமும் கேட்கிறானா? எத்தனை பேரிடம்? அதிலும் எழுபத்துநாலு... தன்னுடையதைவிடக் குறைவு. அந்த நாஜியா மெஷினைப் பூப்போல வைத்திருப்பாள். அவளுக்கும் மழையில் நனையாதே என்று எழுதுவான். சொல்லிக்கொள்ளாமல் திரும்பிவிட்டாள்.

நான்கு நாள் எதுவும் அனுப்பவில்லை. 'மெஷின் எப்படி?' என்று கேட்டான். 'உடம்பு சரியில்லையா?' என்று கேட்டான். நாஜியாவைக் கேள் என்று எழுதி எழுதி அழித்தாள். ஐந்தாம் நாள் பொறுக்க முடியாமல் கடைக்கே வந்து நின்றாள். அங்கே லேப்டாப்போடு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள்.

"கோ உதயா, உங்களுக்கு எத்தனை பேர் தினம் சூடு அனுப்பறாங்க?"

அவன் விழித்தான். உட்கார்ந்திருந்தவள்தான் பதில் சொன்னாள்.

"நானும்தான் அனுப்பினேன், மா. நாஜியா என் பேரு. பேஸ்ட் பிடிச்சுதான்னு பார்க்க ஏழு நாள் போதுமாம். நேத்தோட முடிஞ்சுது. உங்களுக்கு எத்தனை நாள்?"

சித்ரா மனதுக்குள் எண்ணினாள். அறுபத்து மூன்று.

நாஜியா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு குடையை விரித்து மழையில் இறங்கிப் போய்விட்டாள்.

"எட்டாம் நாள்லேருந்து நான் மெஷினுக்காகக் கேக்கலை..." உதயசூரியன் தலை நிமிரவில்லை. "உங்களைப் பிடிச்சுது. நீங்க வேலைக்காகத்தான் அனுப்பறீங்களோன்னு சொல்லப் பயம். போன வாரம் ரெண்டு நாள் தன்லியின்ல கரண்ட்டே இல்லை. ரெண்டு நாளும் எழுபத்தெட்டுன்னு அனுப்பினீங்க. அப்பதான் கொஞ்சம் தைரியம் வந்துச்சு... சொல்லலாம்னு இருந்தப்போ நிறுத்திட்டீங்க."

பேட்டரியும் தீர்ந்து ஓடாத மெஷினுக்கு ஏது சூடு? பொய் பிடிபட்டுவிட்டது. சித்ரா குடைக் கம்பியைத் திருகினாள்.

"பிடிச்சிருக்குன்னு எழுத வெக்கமா இருந்துச்சு, கோ உதயா... அதான் எழுபத்தெட்டுன்னு எழுதினேன்."