புகையில் பால் வாடை

கார் நின்றுவிட்டது. புகை நிற்கவில்லை. பட்டறையின் தகரக் கூரைக்கடியில் நீலமாகச் சுருண்டு, மூலையில் அடுக்கியிருந்த டயர்களுக்கு நடுவே புகுந்து, வெளியே போக வழி தெரியாததுபோல அங்கேயே தங்கிவிட்டது.

"ஊரே திட்டுதுண்ணே," என்றபடி இறங்கினான் காருக்குச் சொந்தக்கார இளைஞன். "பின்னாடி வர்றவன் எல்லாம் ஹாரன் அடிச்சே கொல்றான். ஆயில் ஊத்தி மாளலை. போன வாரம்தான் ஊத்துனேன். இன்னிக்கு ஆயில் அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தா நுனியில ஒட்டியிருக்கு, அவ்வளவுதான்."

அவன் மனைவி பின்கதவைத் திறந்து கைக்குழந்தையோடு இறங்கினாள். பெண் குழந்தை. தாயின் தோளில் அடித்துப்போட்டதுபோலத் தூங்கிக்கொண்டிருந்தது.

"வீட்ல எங்களைக் கண்ணை மூட விடமாட்டா," என்று சிரித்தாள் அவள். "இந்தப் பின்சீட்ல போட்டா போதும், சொக்கிருவா. தொட்டில் காசு மிச்சம். என்ன, கண்ணாடியை ஏத்த முடியலை. ஒரே நெடி."

"புகை போனா நெடியும் போயிரும்மா. நெருப்பில்லாம புகையுமா? எந்த இடத்துல எரியுதுன்னு பார்த்துட்டா முடிஞ்சுது," என்றார் மெக்கானிக்.

அவரை எல்லோரும் மூக்கர் என்றுதான் கூப்பிடுவார்கள். சைலன்சர் பக்கம் ஒருமுறை குனிந்து மூச்சை இழுத்தால் போதும், ஆயில் எரிகிறதா, பெட்ரோல் அதிகமாகப் போகிறதா, ரேடியேட்டர் தண்ணீர் கசிகிறதா என்று பிட்டுப்பிட்டு வைப்பார். மற்ற பட்டறைக்காரர்கள் இன்ஜினைப் பிரித்துப் போட்டுவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டிருக்கையில் இவர் கையைத் துடைத்துக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பார். அந்த மூக்குதான் அவருக்குச் சோறு போட்டது.

அந்த மூக்கு செத்து ஒரு வருடமாகிவிட்டது. ஒரு பாழாய்ப்போன காய்ச்சல் வந்தது, போனது, போகும்போது மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு அவருக்கு ரோஜாவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர் மனைவி. அவர் குனியும்போது அவளும் டீ டம்ளரோடு பக்கத்தில் வந்து நிற்பாள். ஒரு இருமல் என்றால் ஆயில், இரண்டு என்றால் பெட்ரோல், மூன்று என்றால் தண்ணீர். வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறிவிடும் என்பதால் அந்த அம்மாள் வருடம் முழுக்க இருமிக்கொண்டிருந்தாள்.

அன்றும் வந்து நின்றாள். மூக்கர் வழக்கமான நடிப்போடு குனிந்து மூச்சை இழுத்தார்.

வாசனை அடித்தது.

ஆயில் இல்லை. பால் வாடை. பவுடரும் வியர்வையும் கலந்து, தூங்குகிற குழந்தையின் உச்சந்தலையில் அடிக்குமே, அந்த வாசனை.

அவருக்குத் தலைகால் புரியவில்லை. மூக்கு வந்துவிட்டது! ஓடிப்போய் பெட்ரோல் கேனைத் திறந்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. கைகழுவும் சோப்பு, டீ, எதுவுமில்லை. கொஞ்சுகிற சாக்கில் அந்தக் குழந்தையின் தலையருகே குனிந்தார். அங்கேயும் ஒன்றுமில்லை.

திரும்பி வந்து சைலன்சர் முன்னால் குந்தினார். வெதுவெதுப்பாக, யாரோ முகத்தின்மேல் மூச்சு விடுவதுபோல அது வந்தது.

மனைவி ஒருமுறை இருமினாள்.

"ஆயில் மட்டும்தானா?" என்று கிசுகிசுத்தார்.

"வேறென்ன? கருகின எண்ணெய் நாத்தம். கொமட்டுது."

"குழந்தை வாசனை வரலை உனக்கு?"

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "என்னங்க, வெயில்ல நின்னீங்களா?"

 மூக்கர் வெள்ளைத் துணியைச் சைலன்சர் வாயில் பிடித்தார். பிசுபிசுவென்று எண்ணெய்ப் புள்ளி விழுந்தது. காலையில் ஸ்டார்ட் பண்ணும்போது குப்பென்று வருகிறது, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் வருகிறது. ஆயிலை உள்ளே விடாமல் தடுக்கிற வால்வு சீல் போயிருக்கிறது, அவ்வளவுதான். இதற்கு மூக்கே வேண்டாம்.

வேலை இரண்டே நாளில் முடிந்தது. சீல்களை மாற்றி, ஆயில் ஊற்றி, ஸ்டார்ட் பண்ணினார். துளிப் புகை இல்லை. துணி வெள்ளையாகவே இருந்தது. சைலன்சரில் குனிந்தார். வாசனையும் இல்லை. அப்பாடா என்று அவரே ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினார்.

தெருமுனை தாண்டியதும் வாசனை வந்தது. இந்தமுறை வெளியிலிருந்து வரவில்லை.

பின்சீட்டிலிருந்து வந்தது.

கூடவே ஒரு சத்தம். மெலிதாக, சீராக, தூங்குகிற குழந்தையின் மூச்சு. உள்ளே... வெளியே. உள்ளே... வெளியே.

பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தார். காலி சீட். நடுவில் மட்டும் மெத்தை சற்றே அமுங்கியிருந்தது.

 வண்டியை ஓரம் கட்டினார். போகப்போக மூச்சுக்கு மூச்சு இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒரு மூச்சு. வெகுநேரம் ஒன்றுமில்லை. இன்னொன்று. அவர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்ததும் அது நின்றது.

யாரிடம் போய்ச் சொல்வது? காலி காரில் குழந்தை மூச்சு விடுகிறது என்றால் சிரிப்பார்கள். குழந்தை வாசனை அடிக்கிறது என்றால் இன்னும் மோசம், மூக்கு போன கதையும் சேர்ந்து வெளியே வரும். சீட்டைத் தூக்கிப் பார்க்கக் கை வரவில்லை. மூக்கர் பயந்துவிட்டார் என்பதுதான் நிஜம்.

மறுநாள் மத்தியானம் அவர்கள் வந்தபோது, "வண்டி தங்கம்," என்று சாவியைக் கொடுத்தார். "இனி கண்ணாடியை ஏத்திக்கிட்டே போகலாம்."

அந்த வார்த்தைக்காகத்தான் பிறகு பல நாள் அவர் தன் வாயிலேயே அடித்துக்கொண்டார்.

கிளம்புகிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. சாதாரண மழையா அது! பட்டப்பகலில் இருட்டிவிட்டது, கரண்டும் போய்விட்டது. பட்டறை வாசல் கூரைக்கடியில், சுவரை ஒட்டி நின்ற காரிலேயே மூவரும் உட்கார்ந்தார்கள். மழை விடட்டும் என்று இன்ஜினையும் ஏசியையும் போட்டுக்கொண்டார்கள். கண்ணாடிகள் ஏறின. சொட்டுப் புகை இல்லை, நெடி இல்லை. ஜன்னல் வழியே தாய் குழந்தையைத் தட்டிக்கொடுப்பது மங்கலாகத் தெரிந்தது.

மூக்கர் உள்ளே இருட்டில் டீ டம்ளரோடு நின்றார். தகரத்தில் மழை பேயாக அறைந்தது. அந்த இரைச்சலில் மனைவி பேசுவதுகூடக் கேட்கவில்லை.

ஆனால் மூச்சு கேட்டது.

காதோரத்தில்.

உள்ளே... வெளியே.

"ஏங்க, ஏன் இப்படி வேர்க்குது உங்களுக்கு?"

"ஷ்ஷ். பேசாதே."

உள்ளே... வெளியே. இடைவெளி. பால் வாடை பட்டறை முழுக்க நிரம்பியது. உள்ளே... நீண்ட இடைவெளி. காரில் தட்டிக்கொடுத்துக்கொண்டிருந்த கை நின்றிருந்தது.

உள்ளே.

வெளியே வரவில்லை.

டம்ளர் எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. பெரிய ஸ்பானரை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் பாய்ந்தார். கதவுகள் உள்பக்கமாகப் பூட்டியிருந்தன. முன்சீட்டில் இளைஞன் ஸ்டியரிங்கில் தலை வைத்திருந்தான். தட்டியும் நிமிரவில்லை. அவள் வாய் திறந்தபடி சாய்ந்திருந்தாள். முன்கதவுக் கண்ணாடியை உடைத்தார், கையை விட்டு இன்ஜினை அணைத்தார், பூட்டைத் திறந்தார், குழந்தையைப் பிடுங்கினார்.

துணிபோலத் தொங்கியது.

"அய்யோ, மூச்சு விடும்மா! விடுடி என் தங்கமே!" தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டே திறந்தவெளியில் மழைக்குள் போய் நின்றார். அவர் மனைவி மற்ற இருவரையும் தரதரவென்று வெளியே இழுத்துப் போட்டாள். தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார்.

குழந்தை ஒருமுறை விக்கியது. பிறகு வீறிட்டு அழுதது. மூக்கரும் கூடவே ஓவென்று அழுதார், அதைச் சொல்ல அவருக்கு வெட்கமே இல்லை.

பெற்றவர்கள் வாந்தி எடுத்து, தலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். வாடகைக் கார் பிடித்து மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன், மூக்கர் பின்சீட்டைத் தூக்கினார். அடியில் தரைத்தகடு துருப்பிடித்து, கை நுழையும் அளவுக்கு ஓட்டை. நேர் கீழே சைலன்சர் குழாயும் வெடித்திருந்தது. கண்ணுக்குத் தெரிந்த புகையை அவர் நிறுத்திவிட்டார். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாத விஷவாயு இங்கே ஏறிக்கொண்டிருந்தது. அந்த நீலப் புகையும் நெடியும் இருந்தவரை கண்ணாடி திறந்திருந்தது, குழந்தை பிழைத்திருந்தது.

ஓட்டையின் விளிம்பில் ஏதோ சிக்கியிருந்தது. எடுத்தார். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு காலுறை, கரியேறி விறைத்துப்போய்.

"உங்க பாப்பாவோடதா?"

அந்தப் பெண் பார்த்துவிட்டு இல்லை என்று தலையாட்டினாள். "நாங்க வாங்கி நாலு மாசம்தானே ஆகுது. அதுக்கு முன்னாடி யாரு வச்சிருந்தாங்களோ."

மூக்கர் அதை முகர்ந்தார். அதேதான்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மூவருக்கும் ஆபத்தில்லை, குழந்தை பால் குடித்தாள் என்றார்கள். மூக்கர் பட்டறையைப் பூட்டினார். மழை விட்டிருந்தது. புருஷனும் பெண்சாதியும் வீட்டுக்கு நடந்தார்கள். எல்லாவற்றையும் அவர் சொல்லி முடித்திருந்தார்.

"எதுவா இருந்தா என்ன, நல்லதுதானே பண்ணுச்சு," என்றாள் அவள். "தன்னை மாதிரி இன்னொண்ணு போயிரக் கூடாதுன்னு நினைச்சிருக்கும், பாவம். யாருமே அன்னிக்கு அதைத் தூக்கலையே."

வீட்டு வாசலில் சாவியை எடுக்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"ஏங்க."

"என்ன?"

"அந்தக் கையை ஏன் அப்படி வச்சிருக்கீங்க?"

மூக்கர் குனிந்து பார்த்தார். இடதுகை மடங்கி எதையோ தாங்கியிருந்தது. வலதுகை தோளுக்குப் பின்னால் வெறும் காற்றை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து என்று அவருக்கே தெரியவில்லை. இடதுகையை இறக்கப் பார்த்தார். கனத்தது.

அவர் கழுத்தில் வெதுவெதுப்பாக ஒரு மூச்சு பட்டது. சீராக. இடைவெளியே இல்லாமல்.

அவள் ஒரு அடி பின்னால் போனாள். இருமவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"பால் வாடை," என்று கிசுகிசுத்தாள். "எனக்கும் அடிக்குதுங்க."

அவர் தட்டுவதை நிறுத்தவில்லை. நிறுத்தினால் அது எழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.