ஊர் திரும்பாத கால்

“நான் ஷிங்கிராய். வயசு இருபத்திநாலு. ஜோகன்னஸ்பர்க்ல, ஒரு பழைய கட்டடத்தோட பின்பக்க அறையில இருக்கேன்.”

ஊருக்கு எதை அனுப்பினாலும் இப்படித்தான் ஆரம்பிப்பான். தங்கை ருவிம்போவின் போன் மாவு மில் வாசலில் யார் கையில் வேண்டுமானாலும் இருக்கும். இவன் போனில் பேசுவது எழுத்தாக மாறிப் போய்ச் சேரும். யாராவது அதை அத்தைக்குப் படித்துக் காட்டுவார்கள். இன்று அந்த ஒரு வரியோடு நிறுத்திவிட்டான். தரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மதியம்தான் அந்தச் சிமெண்டுத் தரைக்குச் சிவப்பு மெழுகு போட்டு, மண்டியிட்டு, பழைய கம்பளித் துணியால் முகம் தெரிகிறவரை தேய்த்திருந்தான். மெழுகின் நெடி இன்னும் மூக்கைவிட்டுப் போகவில்லை. கதவிலிருந்து ஒரு முழம் உள்ளே, அந்தப் பளபளப்பின்மேல், ஈரம் காய்ந்ததுபோல மங்கலாக ஒரு வெறுங்கால் தடம். இடது கால். குதிகாலுக்குச் சற்று முன்னால் மட்டும் மிளகளவு கறுப்பு.

அவனுடைய இடது உள்ளங்காலில் மச்சம் இருக்கும் அதே இடம். ஆனால் காலையிலிருந்து அவன் காலுறையைக் கழற்றவே இல்லை.

“உன் காலுதான், வேற யாரு காலு?” என்றான் அறைத்தோழன் கிவ்மோர், காவலாளிச் சட்டையின் பொத்தானைப் போட்டபடி. “பயத்துல தூக்கத்துல நடக்கறே. நாளைக்குப் போய் அந்த மச்சத்தை வெட்டிக்கிட்டு வா. எல்லாம் சரியாயிடும்.”

“அத்தை வேணாங்கறாங்க.”

“ஏண்டா, அத்தையா உன் காலை வெச்சு நடக்கறாங்க?” அவன் தொப்பியை எடுத்துக்கொண்டான். “சோளமாவுல சட்சா கிண்டி மூடி வெச்சிருக்கேன். கீரையை மொத்தமா வழிச்சுத் தின்னுடாதே.”

அவன் போனபிறகு அறை பெரிதாகிவிட்டது.

போன வாரம் மருத்துவமனையில் ஒரு நர்ஸ் அவன் பாதத்தைத் தன் மடியில் வைத்து வெகுநேரம் பார்த்திருந்தாள். “நம்ம கறுத்த தோலுக்கு இந்தப் புற்றுநோய் வெயில்ல வராது தம்பி, இங்கதான் வந்து ஒளிஞ்சுக்கும். ஓரம் கலைஞ்சு கெடக்கு பாரு. இப்ப வந்தா மச்சம் போகும். அப்புறமா வந்தா கால் போகும்.”

அத்தை பேசி அனுப்பியதும் போனில் அழிக்காமல் இருந்தது. “எங்க சிங்கமே, கேளு. உனக்காக யாரோ வெச்ச சூனியத்தை நீ மிதிச்சிட்டே. அதுல கத்தி படக்கூடாது. உங்கப்பனுக்கும் அதே காலு, அதே இடம். அந்த ஊரு ஆஸ்பத்திரிதானே முழங்காலோட வெட்டி எடுத்துச்சு? மழை எறங்கறதுக்குள்ள ஆளே போயிட்டான். கெளம்பி ஊருக்கு வா, இங்க எடுக்கறவங்க இருக்காங்க.” பின்னால் அம்மா மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள்.

அந்தக் கறுப்பைப் பூட்ஸுக்குள் மறைத்துக்கொண்டு அப்பா வருஷக்கணக்கில் இந்த நகரத்தில் சுவர் எழுப்பியதை மட்டும் யாரும் சொல்வதில்லை. சவப்பெட்டியில் இடப்பக்கம் பள்ளமாகத் தெரியக்கூடாதென்று அவருடைய ரப்பர் பூட்ஸில் புல்லை அடைத்து வைத்தார்கள். அந்தப் புல்லைப் பிடுங்கிக் கொடுத்தவன் ஷிங்கிராய்தான். வெட்டிய கால் இங்கேயே எங்கோ கிடந்துவிட்டது. எங்கே என்று ஆஸ்பத்திரியில் ஒருவரும் கேட்கவில்லை.

இருட்டுகிற நேரத்துக்கு வழக்கம்போல மின்வெட்டு வந்தது. தெருவில் வேன்காரர்களின் ஹாரன் சத்தம், மாடியில் யாரோ பற்றவைத்த மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை, தூரத்துக் கடைகளில் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கிய ஜெனரேட்டர்கள், எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தன. காலுறைகளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கட்டிலில் ஏறிப் போர்வைக்குள் காலை நீட்டி, சுவரில் சாய்ந்துகொண்டான்.

சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தம்.

ஈரமான வெறுங்கால் தரையில் பதியும் சத்தம்.

காத்திருந்தான். மனிதன் நடந்தால் அடுத்த கால் விழ வேண்டும். விழவில்லை. நீண்ட இடைவெளி. மறுபடி அதே கால்.

போன் விளக்கை அடித்தான். கதவருகே ஒரு தடம். நடு அறையில் ஒன்று. கட்டில் காலருகே ஒன்று. மூன்றும் இடது. மூன்றிலும் அந்த மிளகு. விரல்கள் கட்டிலைப் பார்த்திருந்தன.

வலது தடமே இல்லை.

பழைய ரப்பரின் வாடை. அழுகிய புல். அதற்கடியில் ஆஸ்பத்திரி மருந்து.

“நாளைக்குப் போய் வெட்டிக்கறேன்பா,” என்றான்.

சத்தம் இல்லை.

“சரி, போகல. போகல.”

அதற்கும் இல்லை. உயிரோடு இருந்தபோதும் அப்பா எதற்கும் பதில் சொன்னதில்லை. காலைப் பற்றிக் கேட்டபோதும்.

போர்வைக்குள் அவன் கெண்டைக்காலை ஒட்டி ஏதோ சில்லென்றது.

விளக்கைத் திருப்பினான்.

போர்வை நுனிக்கு வெளியே பாதங்கள். வலது ஒன்று. இடது ஒன்று. பக்கத்தில் இன்னொரு இடது. அதே நீளம். அதே நகம். அதே நிறம்.

எது தன்னுடையது என்று பார்க்க, மெல்ல விரல்களை மடக்கினான்.

மூன்றும் மடங்கின.

போனை வாயருகே கொண்டுபோனான். குரல் அவனுக்கே கேட்கவில்லை; எழுத்துகள் மட்டும் ஒவ்வொன்றாக வந்தன.

“இதை யார் படிச்சாலும் சரி, அத்தைக்குப் படிச்சுக் காட்டாதீங்க. காலையில எனக்கு ஒரு போன் பண்ணுங்க. இங்க வெட்டறதுக்கு எந்தக் காலைக் காட்டறதுன்னு எனக்குத் தெரியல. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போன்னு சொல்லுங்க. ஊர்ல யாராவது ஒருத்தர், போன்னு சொல்லுங்க.”