கேதீஸ்வரி காலமானார்

பாண்காரனின் ஆட்டோ தினமும் பின்னேரம் ஐந்து மணிக்கு அந்தக் கொக்குவில் ஒழுங்கைக்குள் பாட்டை அலறவிட்டுக்கொண்டுதான் வரும். இன்று கேதீஸ்வரியின் வீட்டுப் படலைக்குக் கொஞ்சம் முன்னால் பாட்டு நின்றுபோய், மதிலுக்கு அப்பால் சில்லுகள் கல்லில் நெரிபடும் ஓசையும் சுடச்சுடப் பாண் ரொட்டி வாசமும் மட்டும் மெதுவாக அவளைக் கடந்துபோக, இரண்டு வளவு தள்ளித்தான் அது மறுபடி கிளம்பியது. செத்தவீட்டைத் தாண்டும்போதுதான் அவன் அப்படிச் செய்வான். யார் வீட்டில்?

கைபேசியை எடுத்தாள். பக்கத்து வளவில் ஒருவர் செத்தாலும் இப்போது அதில்தானே பார்க்கவேண்டியிருக்கிறது! நாசமாய்ப் போன அந்தச் செய்தித்தளத்தில், கல்யாணவீடொன்றில் எடுத்த அவளுடைய சொந்தப் படம். 'கொக்குவிலைச் சேர்ந்த திருமதி கேதீஸ்வரி இன்று காலமானார்.' பதினோராயிரம் பேர் பார்த்திருந்தார்கள். எதிர்வீட்டு மீனாம்பிகையும் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்று போட்டிருந்தாள். எதிர்வீடு! மதிலால் எட்டிப் பார்த்திருந்தால், உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றவளைக் கண்டிருப்பாளே. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஊரின் விரலை எதைக்கொண்டு மூடுவது?

தளத்தில் கிடந்த இலக்கத்துக்கு எடுத்தாள். நிருஷன் என்று ஒருவன் கதைத்தான்.

"தம்பி, நான் சாகேல்லை. உயிரோடை நிண்டு கதைக்கிறன்."

"அன்ரி, உந்த அறிவித்தலுகள் தானாத்தான் ஏறுறது. எடுக்கிறதெண்டா நீங்கள் உயிரோடை இருக்கிறதுக்கு அத்தாட்சி வேணும்."

"செத்ததுக்கு என்ன அத்தாட்சி பாத்தனீங்கள்?"

"ஆயிரம் பேர் பகிர்ந்திருக்கினமே, அன்ரி." வைத்துவிட்டான்.

அப்போதுதான் அவளுக்கு மகளின் நினைவு வந்தது. தக்சாயினி! ரொறன்ரோவில் இருக்கும் ஒரே பிள்ளை, வயிற்றில் ஏழு மாதம். இதைப் பார்த்தால் என்ன ஆவாள்? உடனே அவளுக்கு எடுத்தாள்.

"பிள்ளை, அம்மா கதைக்கிறன்."

அந்தப் பக்கம் அழுதழுது கட்டிப்போன தொண்டை. "ஆர் நீ? அம்மான்ரை குரலைக் களவெடுத்துக் கதைக்க உனக்கு வெக்கமில்லையோ?"

"ஐயோ மோனை, முகத்தைப் பார்!" வீடியோவைப் போட்டாள்.

"முகமும் இப்ப ஆரும் செய்வாங்கள். உங்களைப்போல கள்ளரைப் பற்றி அம்மாதான் எனக்குச் செய்தி அனுப்பினவ. கடைசியா அனுப்பினது அதுதான்."

இணைப்பு அறுந்தது. அதன்பிறகு எத்தனை தரம் எடுத்தும் போகவில்லை. ஓம், அனுப்பினவள்தான். வருகிற செய்தியையெல்லாம் வாசிக்காமலே காலையில் மகளுக்குத் தள்ளிவிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பாள்.

பொழுது மங்கியது. ஹோலுக்குள் சாம்பிராணி மணத்தது. அவள் கொளுத்தவில்லை.

கைபேசி அதிர்ந்தது. 'நேரலை.' தொட்டாள்.

அவளுடைய ஹோல். அதே நீலச் சுவர், அதே மணிக்கூடு. ஆறு பத்து. நிமிர்ந்து சுவரைப் பார்த்தாள். ஆறு பத்து. திரையில் கதிரை நிறையச் சனம். நடுவில் சவப்பெட்டி.

இங்கே ஒருவருமில்லை.

"அம்மான்ரை முகத்தைக் கிட்டக் காட்டுங்கோ." தக்சாயினியின் குரல், திரைக்குள்ளிருந்து.

கமரா கிட்டப் போனது. அவள்தான். வாய் திறவாதபடி நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டிய வெள்ளைத் துணி.

"பிள்ளை! நான் இஞ்சை!"

திரையில் பிணத்தின் உதடு அசைந்தது.

யாரோ ஒருவரின் கை வந்தது. துணியை அவிழ்த்தது. இறுக்கிக் கட்டியது.

கேதீஸ்வரியின் பல்லோடு பல் நெரிந்தது. வாய் திறக்கவில்லை. காதுக்குப் பின்னால் முடிச்சு. தொட்டுப் பார்க்கக் கை எழும்பவில்லை.

"இப்பதான் அம்மா வடிவா இருக்கிறா," என்றாள் மகள். "பெட்டியை மூடுங்கோ."

கேதீஸ்வரியின் கால்பக்கத்திலிருந்து வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது.