சிரிக்காத மேசை

அந்த மூலை மேசையில் காலையிலிருந்து யாரும் சிரிக்கவில்லை. வேறு யாருக்கும் இது தோன்றியிருக்காது. ஷேக் பரீதுக்கு மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய பாக்குத்தூள் மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதை விளையாடுகிற கூட்டம் எதுவானாலும் சரி, அரக்கனைக் கொல்லும் கதையோ பேய் பங்களாவுக்குள் நுழையும் கதையோ, கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் யாராவது கிறுக்குத்தனமாக ஒன்றைச் சொல்லித் தொலைப்பார்கள். மொத்தப் பேரும் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். மண்டபம் முழுக்க அந்தச் சிரிப்பு இங்கொன்றும் அங்கொன்றுமாக வெடித்துக்கொண்டிருந்தது. மூலையில் மட்டும் இல்லை.

காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த கல்யாண மண்டபம் அது. மேசை விளையாட்டுத் திருவிழா என்று பேனர் கட்டி இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முந்தின முகூர்த்தத்தின் சாம்பார் வாசனையும் வாடிய மல்லிகை வாசனையும் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்தன. மேடையில் மணமக்களின் சிவப்பு நாற்காலிகள் அப்படியே கிடந்தன. பின்னால் தெர்மோகோலில் வெட்டிய மாப்பிள்ளை பெயரில் பாதியைப் பிய்த்துவிட்டு மீதியை விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வெளியே மழை பிடித்துக்கொண்டது.

பரீதுக்கு கிராஸ்கட் ரோட்டில் ஒரு செல்போன் கடையில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கேம் மாஸ்டர். காந்திபுரத்தில் மாஸ்டர் என்றால் டீ மாஸ்டர், இல்லையென்றால் புரோட்டா மாஸ்டர். இவன் மூன்றாவது ரகம். கதை நடக்கிற இடத்தை இவன் சொல்வான். சுற்றி உட்கார்ந்திருப்பவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, தாங்கள் என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். சொன்னது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகம் கொண்ட பகடை முடிவு செய்யும். பத்துக்கு மேல் விழுந்தால் நடந்தது. பத்தோ அதற்குக் கீழோ விழுந்தால் நடக்கவில்லை. எது விழுந்தாலும் அதை மாஸ்டர் தன் வாயால் சொன்ன பிறகுதான் அது கணக்கு.

ஒவ்வொரு ஆட்டத்தின் தொடக்கத்திலும் இன்னொன்றையும் அவன் கறாராகச் சொல்லிவிடுவான். "மேசைல சொன்னது சொன்னதுதாங்க. சும்மா வெளையாட்டுக்குச் சொன்னேன்னு அப்புறம் பின்வாங்கக் கூடாது." அவனுடைய பெருமையே அவன் வாய்தான். யார் எந்தக் கேள்வியைப் போட்டாலும் யோசிக்காமல் பதில் வந்து விழும். அதற்காகவே ஆட்கள் முன்கூட்டியே அவன் மேசைக்குப் பெயர் கொடுப்பார்கள்.

அன்றைக்கு அவனோடு மகள் அஃப்ஷீனும் வந்திருந்தாள். ஏழு வயது, முன்பல் விழுந்த ஓட்டை, ஒரு நிமிஷம் நிற்காத கால். மனைவி நஸ்ரியா அக்கா வீட்டு விசேஷத்துக்குப் பல்லடம் போயிருந்தாள். போகும்போது சொல்லிவிட்டுத்தான் போனாள். "புள்ளையக் கண்ணுலயே வெச்சுக்குங்க. கதைன்னு உக்காந்தா உங்களுக்கு ஒலகமே மறந்துபோயிரும்."

அவன் மறக்கவில்லை. தன் ஆட்டம் முடிந்ததும் நேராக வாசல் மேசைக்குத்தான் போனான். திருவிழாவை நடத்துகிற அவன் சினேகிதன் ஜெரால்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அஃப்ஷீன் வந்தவர்களின் சட்டையில் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

"அத்தா, நீ போ. எனக்கு வேல இருக்கு," என்றாள்.

அப்போதுதான் மூலையிலிருந்து குரல் வந்தது. சத்தமான குரல் இல்லை. ஆனாலும் அத்தனை இரைச்சலிலும் காதுக்குப் பக்கத்தில் பேசினது மாதிரி கேட்டது.

"ஏனுங்க. ஒரு ஆளு குறையுதுங்க. செத்த வந்து உக்காருறீங்களா?"

ஆள் குறைந்த மேசையில் ஆட்டம் ஓடாது. சும்மா இருக்கிற மாஸ்டர் போய் இடத்தை நிரப்புவது இந்தத் திருவிழாக்களில் வழக்கம்தான். பரீத் போனான். அங்கிருந்து பார்த்தால் வாசல் மேசை நன்றாகத் தெரிந்தது, அஃப்ஷீனின் மஞ்சள் கவுனும் தெரிந்தது. அது போதும் என்று உட்கார்ந்தான்.

தலைமாட்டு நாற்காலியில் இருந்தவர் எழுந்து கும்பிட்டார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரிய தலை. பார்த்தால் கூட்டுறவு வங்கியில் நகையைத் திருப்பிக் கொடுக்கிற ஆள் மாதிரி இருந்தார். "சுப்பண்ணனுங்க. அந்தியூர்ப் பக்கமுங்க. நீங்க வந்தது ரொம்பச் சந்தோசமுங்க."

மற்ற இரண்டு பேரும் எழவில்லை. ஒருத்தர் ஐம்பது வயதுப் பெண்மணி. சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ஞானாபரணம் என்று இருந்தது. இன்னொருவன் ரித்விக், ஐடி கம்பெனிக் கயிறு இன்னும் கழுத்தில் தொங்கியது. பரீத் நாற்காலியை இழுத்தபோது ரித்விக் அவசரமாகப் பகடையை எடுத்து உருட்டினான். நான்கு விழுந்தது. அவன் வாய் பாதி திறந்தபடியே நின்றது. எதற்கு உருட்டினான் என்று யாரும் சொல்லவில்லை. மேசையில் வரைபடம் இல்லை, பொம்மை இல்லை, காகிதம்கூட இல்லை. பழுப்பேறிய ஒரே ஒரு பகடை.

சுப்பண்ணன் கதையை ஆரம்பித்தார். ஒரு குதிரைச் சந்தை. மழை விட்ட திடல், குளம்பு பட்டுக் குழைந்த சேறு, எங்கோ கொள்ளு வேகிற வாசனை, ஈரச் சாக்கும் சாணமும் குதிரை வியர்வையும் கலந்து மூக்கின் உள்பக்கத்தில் அப்பிக்கொள்கிற நெடி, வரிசையாகத் தொங்குகிற விளக்குகள், அவற்றுக்குக் கீழே முகம் தெரியாமல் பேரம் பேசுகிற ஆட்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை. கையை ஆட்டவில்லை. பரீதுக்குப் பொறாமையாக இருந்தது. தன் தொண்டை கிழிகிறதே, இந்த மனுசன் உட்கார்ந்த இடத்திலேயே சந்தையைக் கட்டிவிட்டாரே என்று வியந்தான். எப்போது மண்டபத்து இரைச்சல் அடங்கியது என்று அவனுக்குத் தெரியவில்லை. முதுகுக்குப் பின்னால் லாடம் அடிக்கிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தான். சுவர். அடுக்கிவைத்த எவர்சில்வர் தட்டுகள். சத்தம் நிற்கவில்லை. தட்டுகளுக்கு அப்பாலிருந்து வந்தது.

"வெளக்கு ஒவ்வொண்ணா அணையுதுங்க," என்றார் சுப்பண்ணன். "அத்தனையும் அணைஞ்சதுக்கப்புறம் சந்தைக்குள்ள நிக்கிறது எல்லாம் விக்கிறதுக்குத்தானுங்க. நீங்க வெளிய போவோணும். வாசல்ல ஒருத்தரு உக்காந்திருக்காரு. சுங்கம் கேக்குறாரு. காசு வேண்டாங்கறாரு. உங்களுக்குச் சொந்தமானது ஒண்ணைய வெச்சுட்டுப் போவோணுமாம்." கொஞ்சம் நிறுத்தினார். "என்ன வெக்கிறீங்க?"

ஞானாபரணம் தலையைக் குனிந்துகொண்டார். ரித்விக்கின் கண் மட்டும் பரீதையே பார்த்தது. பரீத் வாசல் பக்கம் பார்த்தான். அஃப்ஷீன் நாற்காலியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தாள். பதில் வழக்கம்போல வந்து விழுந்தது.

"எங்கூட்டுல ஒரு வாலு இருக்குதுங்க. அதைய வெச்சுக்குங்க. ரெண்டே நாள்ல நீங்களே கொண்டாந்து உட்டுருவீங்க."

வேறு எந்த மேசையாக இருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

"சரிங்க," என்றார் சுப்பண்ணன். "சொன்னது சொன்னதுதானுங்களே?"

"அதுல என்னங்க சந்தேகம்," என்றான் பரீத்.

அஃப்ஷீன் நாற்காலியிலிருந்து இறங்கினாள். மேசைகளுக்கு நடுவில் நடந்து வந்தாள். ஓடாமல், குதிக்காமல், பெரியவர்கள் மாதிரி நடந்து. அவனைத் தாண்டிப் போனாள். அவள் தலையின் தேங்காய் எண்ணெய் வாசனை அவன் மூக்கில் பட்டது. சுப்பண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்று அவர் தோளில் கன்னத்தைச் சாய்த்துக்கொண்டாள். தூக்கம் வந்தால் தன் தோளில் அப்படித்தான் சாய்வாள்.

"அஃப்ஷீன், இங்க வா தங்கம்," என்று சொல்லப் பார்த்தான். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. எழுந்திருக்கப் பார்த்தான். இடுப்புக்குக் கீழே உடம்பு அவனுடையதாக இல்லை.

"என்ன பண்றீங்க?" என்று கேட்டார் சுப்பண்ணன்.

அதற்குப் பதில் சொல்ல மட்டும் வாய் திறந்தது. "எந்திரிக்கிறேன்."

"உருட்டுங்க."

கை தானாகப் பகடையை எடுத்தது. மூன்று.

"முடியலீங்க," என்றார் அவர். குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

பகடை ஞானாபரணத்திடம் போனது. ரித்விக்கிடம் போனது. அவர்கள் முணுமுணுத்ததும் உருட்டியதும் அவன் காதில் ஏறவில்லை. திரும்ப வந்தது.

"என்ன பண்றீங்க?"

"ஜெரால்டக் கூப்புடுறேன்."

ஏழு. முடியலீங்க.

ஜெரால்டு அந்தப் பக்கமாகவே வந்தான், கையில் டீத் தட்டோடு. பரீத் கண்ணாலேயே அவனைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். யா அல்லா, நிற்க வைத்துவிடு, ஒரே ஒரு நிமிஷம். ஜெரால்டு நின்றான். நான்கு பேரும் அசையாமல் ஒருவரையொருவர் பார்த்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தான். கதையில் இப்படி மூழ்கிய மேசை கிடைப்பது அபூர்வம் என்று அவனுக்குத் தெரியும். கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, கலைக்கக் கூடாதென்று நுனிக்காலில் நடந்து போனான்.

மறுபடி முறை வந்தது. உள்ளங்கை வியர்த்தது. அதை மட்டும் உடம்பு செய்தது.

"எம் புள்ளையக் கூப்புடுறேன்."

பதினேழு.

"சரிங்க. கூப்புடுங்க."

தொண்டை திறந்தது. "அஃப்ஷீன்! கண்ணு, அத்தாடா. அத்தாகிட்ட வந்துரு."

அவள் திரும்பினாள். தெரியாத கடைக்காரனைப் பார்ப்பது போல அவனைப் பார்த்தாள்.

"ஏனுங்க?" என்றாள்.

பிறந்ததிலிருந்து அவனை நீ என்றே கூப்பிட்டவள். இந்தத் தரம் பகடை சுற்றிப் போகவில்லை. சுப்பண்ணன் அதை மெதுவாக நகர்த்தி அவள் பிஞ்சுக் கைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"நான் உன்னோட அத்தா," என்றான் பரீத்.

அஃப்ஷீன் பகடையை அவன் பக்கம் தள்ளினாள். பல் ஓட்டை தெரியச் சிரித்தாள்.

"உருட்டுங்க."

உருட்ட மாட்டேன் என்றுதான் நினைத்தான். கை உருட்டியது. சுற்றிச் சுற்றி, மேசை விளிம்பு வரை போய், திரும்பி வந்து நின்றது.

ஐந்து.

"இல்லீங்களே," என்றாள் அஃப்ஷீன்.

சுப்பண்ணன் எழுந்தார். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினார். எல்லாருக்கும் கும்பிட்டார். அவள் அவர் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் வாசலுக்குப் போனார்கள். வெளியே மழை. பஸ் ஹாரன். அவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அவள் செருப்பைத் தேடி எடுத்தார். அவள் விழாமல் இருக்க அவர் தலையில் கையை ஊன்றிக்கொண்டு ஒரு காலைத் தூக்கினாள்.

இப்போது ஞானாபரணத்தின் முறை. "இவருகிட்டப் பேசறேனுங்க," என்றார். பதின்மூன்று விழுந்தது.

"பேசுங்க," என்றார் சுப்பண்ணன், வாசலிலிருந்து, திரும்பாமல்.

"நான் எங்கூட்டுக்காரரச் சொன்னேனுங்க," என்றார் அந்தப் பெண்மணி. கண்ணில் நீர் கோத்திருந்தது. "குடிச்சுப்போட்டு வர்ற ஆளு, அவரைய வெச்சுக்குங்கன்னு சும்மா சொன்னேனுங்க. இந்தத் தம்பி தன்னோட தங்கச்சியச் சொல்லிப்போட்டாரு. நீங்க உக்காரயிலயே தடுக்கறதுக்குத்தான் உருட்டினாரு."

ஒரு செருப்பு மாட்டியாயிற்று. அடுத்த கால்.

சீக்கிரம். சீக்கிரம் உருட்டு தம்பி என்று பரீத் மனசுக்குள் கெஞ்சினான்.

ரித்விக் பகடையை எடுத்தான். "அழறேன்," என்றான்.

ஆறு.

"முடியலீங்க," என்றது வாசல் குரல்.

ரித்விக்கின் முகம் இருந்தபடியே இருந்தது. அங்கே சுப்பண்ணன் எழுந்து அஃப்ஷீனை இடுப்பில் தூக்கிக்கொண்டார். அவள் தலையைச் சாய்த்தாள். குடை விரிந்தது. படி இறங்கினார்கள். முதலில் கால், பிறகு இடுப்பு, பிறகு மஞ்சள் கவுன், பிறகு குடை.

பகடை பரீதிடம் வந்தபோது வாசலில் மழை மட்டும் இருந்தது.

"ஓடுறேன்," என்றான். "ஓடிப் போயி எம் புள்ளையத் தூக்குறேன்."

உருட்டினான்.

இருபது.

அதற்கு மேல் எண்ணே கிடையாது. பக்கத்து மேசையில் யாரோ எதையோ சொல்லி எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பரீத் தலைமாட்டு நாற்காலியைப் பார்த்தான். ஞானாபரணமும் ரித்விக்கும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இருபது விழுந்திருக்கிறது. நடந்தது என்று யாராவது சொல்ல வேண்டும். அந்த நாற்காலியில் யாரும் இல்லை.