உருகாதானின் வாசல்

ரெக்சலின் பல் துலக்கி முடிக்கும் வரை உருகாதான் காத்திருப்பான். அந்த மரியாதை அவனிடம் உண்டு. அவள் வாய் கொப்பளித்து முகம் துடைத்ததும் காதுக்குப் பின்னாலிருந்து அவன் குரல் கிளம்பும். "பொய் சொல்லேன். கொடுத்த சொல் மீறேன். சொல் தவறியவனுக்கு என் வாசலுக்குள் இடம் கொடேன்." அவளும் கூடவே முணுமுணுப்பாள். பிறகு இடியாப்பம் பிழிவாள். தூத்துக்குடியில் அந்தக் கடலோர அடுக்ககத்தில், அதே நேரத்துக்கு வீட்டுக்கு வீடு ஒரு சபதம் ஓடிக்கொண்டிருக்கும்.

உருகாதான் சாமியும் இல்லை, பேயும் இல்லை. பள்ளிக்கூட நாளில் 'எட்டாம் கோட்டை' என்ற விளையாட்டில் அவள் உருவாக்கிய வீரன். கரிய கவசம் போட்டிருப்பான், முகம் தெரியாது. ஆட்டம் தொடங்கும் முன் வீரனுக்கு ஒரு சபதம் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போது பக்கத்தில் உட்கார்ந்து கடலை கொறித்துக்கொண்டிருந்த அண்ணன் தார்சியூஸ்தான் சொன்னான்.

"ஏட்டி, கடைசியில ஒண்ணு கெடக்கு பாரு, இருக்கதுலயே கொடூரமானது. அத எடு. கேடயம் ரெட்டிப்பாவும்."

காசா பணமா, சபதம்தானே! அவள் எடுத்துக்கொண்டாள். அவனும் தன் வில்லாளிக்கு 'காவல் முடியாமல் இடம் விட்டு அகலேன்' என்பதை எடுத்தான். அதற்கு நல்ல வில் கிடைத்தது. இரண்டு பேரும் சேர்ந்து எத்தனையோ கோட்டைகளைத் தகர்த்தார்கள்.

சட்டம் வந்தது பிற்பாடு. முகத்தையும் குரலையும் யார் வேண்டுமானாலும் போலியாகச் செய்துவிடலாம் என்றான பிறகு, ஒருத்தர் சொல்லை ஒருத்தர் நம்புவது நின்றுபோனது. அதற்கு மருந்தாக, வயது வந்த ஒவ்வொருவர் தலைக்குள்ளும் ஓர் உள்துணையைப் பொருத்த வேண்டும் என்றார்கள். அது எப்படிப்பட்ட துணை? நீங்கள் அதிக காலம் ஆடிய பாத்திரம் எதுவோ, அது, அதன் சபதத்தோடு. உங்களை அதற்குத்தான் நன்றாகத் தெரியும் என்பது வல்லுநர்களின் கண்டுபிடிப்பு. நாசமாய்ப் போன கண்டுபிடிப்பு! ஆழம் தெரியாமல் காலை விட்ட பிள்ளைகள் நாடு முழுக்க இருந்தார்கள். பக்கத்து வீட்டு ஆல்வின் ஆடியது ஒரு கோமாளித் திருடன். இவளிடம் வாங்கிப்போன இஸ்திரிப் பெட்டியை இன்றுவரை அவன் திருப்பித் தரவில்லை. ஆனால் நிம்மதியாகத் தூங்குகிறான், மனுஷன்.

உள்துணை யார் கையையும் பிடித்து இழுக்காது. அது செய்வதெல்லாம் ஒன்றுதான். சபதத்துக்கு எதிராக மனம் துடிக்கத் தொடங்கினால், அந்தத் துடிப்பைத் தணித்துவிடும். 'தணிப்பு' என்றே அதற்குப் பெயர். நாளடைவில் மற்றத் துடிப்புகளும் கூடவே மங்கிப்போகும். பாசம் இழுக்காது, பயம் இழுக்காது. எதுவும் இழுக்காதபோது விதி காட்டும் பக்கம் போவதுதானே சுலபம்? கடுஞ்சபதக்காரி என்பதால் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் ரெக்சலினுக்கு நல்ல வேலை கிடைத்தது. தண்ணீர் சுத்தம் என்று அவள் வாயால் சொன்னால் ஊர் குடிக்கும்.

அம்மா சாகக் கிடந்தபோது தார்சியூஸ் நடுக்கடலில் மின்சாரம் எடுக்கும் மேடையில் காவல் வேலையில் இருந்தான். "அம்மாட்ட சொல்லு, வந்துருவேன்" என்றான். வரவில்லை. அம்மா வாசலையே பார்த்துக்கொண்டு போய்ச் சேர்ந்தாள். ரெக்சலின் அழவில்லை. தணிப்பு பார்த்துக்கொண்டது. அடக்கம் முடிந்ததும் அண்ணனைப் போனில் கூப்பிட்டு, "இனி இங்க வராத" என்றாள். குழம்புக்குப் புளி போதும் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

வருஷங்கள் போய், இன்றைக்குக் காலையில், இடியாப்பம் அடுப்பில் வேகும்போது அழைப்புமணி அடித்தது. கதவைத் திறந்தால் தார்சியூஸ். ஆள் பாதியாகியிருந்தான். கையில் முந்திரி மக்ரூன் பொட்டலம். இவளைப் பார்த்த மாத்திரத்தில் பொலபொலவென்று அழத் தொடங்கினான். வயது வந்தவர்கள் யாரும் அப்படி அழுது அவள் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது.

"அண்ணே, ஒனக்கு எடுத்துட்டாங்களா?" என்று கேட்டாள். உள்துணையைச் சாகப்போகிறவர்களுக்கு மட்டும்தான் எடுப்பார்கள். சட்டம் காட்டும் ஒரே கருணை அது.

"எடுத்துட்டாங்கட்டி. நுரையீரல் போச்சு. தீவாளி வரைக்கும் தாங்காதுன்னு சொல்லுதாங்க." மூச்சு வாங்கிக்கொண்டு கதவு நிலையைப் பிடித்தான். "அம்மா போன அன்னைக்கு நான் மேடையிலதான் நின்னேன். படகு இருந்துச்சு. போவணும்னே தோணலட்டி. காவல் முடியலயேன்னு நின்னேன். இப்ப எடுத்த பெறவுதான்… எல்லாம் மொத்தமா வருது. அன்னைக்கு அழாததெல்லாம் இப்ப அழுதேன். ராத்திரி பகல் தெரியல."

"ம்" என்றாள்.

"இந்த ஊர்லயே ரூம் எடுத்துருக்கேன். தனியாக் கெடக்க முடியலட்டி. கடைசிக்கு ஓங்கூட இருந்துட்டுப் போறேன். ஒரு மூலையில கெடக்கேன்."

உருகாதான் பேசினான். "சொல் தவறியவன். வாசலுக்குள் இடமில்லை."

அவளுக்குள் ஏதோ அசையப் பார்த்தது. தணிப்பு வந்தது. ஈரத்துணியால் மேசையைத் துடைத்தது போல எல்லாம் சமமாகிவிட்டது. எதிரே ஓர் ஆள் அழுதுகொண்டிருந்தான். அவன் யார் என்று அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

"உள்ள இடமில்லண்ணே" என்றாள்.

அவன் வாதாடவில்லை. "தெரியும்ட்டி. நான்தான அத எடுக்கச் சொன்னேன்" என்று மக்ரூனை அவள் கையில் திணித்தான். "அம்மாவுக்குப் புடிக்கும்லா" என்று சொல்லிவிட்டுத் திரும்பி, சுவரைப் பிடித்துப் பிடித்து மின்தூக்கிப் பக்கம் நடந்தான்.

ரெக்சலின் கதவைச் சாத்தினாள். ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டாள். இனிப்பு என்று நாக்கு சொன்னது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. நின்றபடியே யோசித்தாள். அழுகை வராதவர்களுக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கும். சின்ன வயதில் மணப்பாட்டுத் திருவிழாக் கூட்டத்தில் இவள் தொலைந்துபோனபோது, செருப்பு அறுந்த காலோடு அண்ணன் ஊர் முழுக்கத் தேடினான். அவனைக் கண்டதும் இவள் ஓடிப்போய் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்போது நெஞ்சில் என்ன இருந்தது என்று இப்போது எட்டவில்லை. ஆனால் கால் ஓடியது ஞாபகம் இருந்தது.

அடுப்பை அணைத்தாள். இடியாப்பத்தைத் தூக்குவாளியில் போட்டாள். மாற்றுத் துணி எடுத்து, பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"எங்கே போகிறாய்?" என்றான் உருகாதான்.

"அவன் ரூமுக்கு. இனி அங்கதான். வேலைக்கும் அங்கேருந்தே போவேன்."

"அவன் சொல் தவறியவன்."

"என் வாசலுக்குள்ளதான அவனுக்கு இடமில்ல? அது அவன் வாசல்."

உருகாதான் சற்றே தாமதித்தான். அவ்வளவு காலத்தில் அவன் தாமதித்தது அதுதான் முதல் தடவை. "இரக்கமா?" என்று கேட்டான்.

"நீ உள்ளதான இருக்க. தேடிப் பாரு."

தேடினான் போலும். "இல்லை" என்று ஒப்புக்கொண்டான். "சபதம் மீறப்படவில்லை."

மின்தூக்கி இன்னும் வந்திருக்கவில்லை. தார்சியூஸ் அதன் முன்னால் தரையில் குந்தியிருந்தான். பாயும் வாளியுமாக அவள் வந்து நின்றதைப் பார்த்ததும் அவன் முகம் விரிந்துபோனது.

"எம்மேல கோவம் போயிருச்சாட்டி?"

"கோவம் இருந்தாத்தானண்ணே போறதுக்கு."

"பாவமா இருக்கா?"

"இல்லண்ணே."

அவன் முகம் மறுபடி சுருங்கியது. கண் நிறைந்தது. அவள் முந்தானையை எடுத்து, பாத்திரம் துடைக்கிற மாதிரி அவன் முகத்தை அழுத்தித் துடைத்தாள். அக்குளில் கை கொடுத்துத் தூக்கி நிறுத்தினாள்.

"ஒண்ணுமே தோணலன்னா பின்ன ஏன்ட்டி வார?"

மின்தூக்கியின் கதவு திறந்தது. அவனை முதலில் உள்ளே விட்டாள்.

"தோணிச்சுன்னா வந்திருப்பேன்லாண்ணே. அதான் வாரேன்."